மே மாத மந்தாரக்குப்பத்தில் மைனஸ் 40 டிகிரி!

என்.எல்.சி-யில் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக் குடியேறியவர் என் பெரியப்பா. அவரிடம் 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை பெரியம்மாவைச் செக்கப்புக்காகப் புதுச்சேரிக்கு அழைத்துப்போவதுதான் அதன் முக்கிய வேலை. போன மே மாதம் அதன் டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. ரேடியேட்டர் ஃபேன், ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து நிற்காமல் ஓடியது. மைலேஜும் இறங்கிவிட்டது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். “இ.சி.யு போயிருக்கு சார், 18,000 ஆகும்” என்றார்கள். இ.சி.யு என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர். “ஸ்கேன் பண்ணீங்களா?” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் பார்த்தாச்சு” என்று பதில். என்ன கோடு வந்தது என்று சொல்லவில்லை. பெரியப்பா காருக்குக் கவர் போட்டுவிட்டு, பெரியம்மாவை பஸ்ஸில் அழைத்துப்போனார். அந்த வார இறுதியில் லேப்டாப்போடு ஊருக்குப் போனேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட்

உங்கள் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால், 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதன் பெயர் ஓ.பி.டி. புகைமூட்டத்தால் அவதிப்பட்ட கலிஃபோர்னியா, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் காரே கண்காணிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களுக்கும் ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி கோடுகள் கட்டாயமாகின. இந்தியாவில் ஓ.பி.டி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். இந்த விதிகள் பொதுவானவை என்பதால்தான், வீட்டில் செய்த ஸ்கேனரும் காரோடு பேச முடிகிறது.

கடையில் ரெடிமேடாக புளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, வேலையும் செய்யும். ஆனால், கார் சொல்வதை நேராகக் கேட்டுப் பார்க்க எனக்கு ஆசை.

மூன்றே ஒயர்

தேவைப்பட்டவை: ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, எம்.சி.பி 2515 சிப் உள்ள கேன் மாடியூல், ஓ.பி.டி பிளக், யு.எஸ்.பி கேபிள். எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

சாக்கெட்டின் 6-வது பின் கேன் ஹை, 14-வது பின் கேன் லோ, 5-வது பின் கிரவுண்ட். இந்த மூன்றுதான் வேண்டும். 16-வது பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். போர்டுக்கு வேண்டிய கரன்ட் லேப்டாப்பிலிருந்தே வந்துவிடும். மாடியூலில் உள்ள 120 ஓம் ஜம்பரையும் கழற்றிவிடுங்கள். காரின் லைனில் அது ஏற்கெனவே இருக்கிறது. 6, 14 பின்களில் உலோகமே இல்லையென்றால், உங்கள் கார் வேறு முறையில் பேசுகிறது. இந்த ஸ்கேனர் அதற்கு உதவாது.

முதல் நாள் மாலை முழுக்க லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. “ஏம்மா, வண்டி பேசுதா?” என்று பெரியப்பா மூன்று முறை வந்து கேட்டுவிட்டார். பிறகுதான் கவனித்தேன். மாடியூலில் இருந்த கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸ், நான் எடுத்த மாதிரி புரோகிராமில் 16 என்று இருந்தது. அந்த ஓர் எண்ணை மாற்றியதும் கார் பேச ஆரம்பித்தது.

கேள்வியும் பதிலும்

கூலன்ட் வெப்பநிலையைக் கேட்க ‘01 05’ என்று அனுப்ப வேண்டும். ‘41 05’ என்று தொடங்கிப் பதில் வரும். அடுத்து வரும் எண்ணிலிருந்து 40-ஐக் கழித்தால் வெப்பநிலை. எங்களுக்கு வந்த பதில், ‘41 05 00’. அதாவது, மைனஸ் 40 டிகிரி! மந்தாரக்குப்பத்தில், மே மாத வெயிலில்!

பதிவான கோடு என்ன என்று ‘03’ அனுப்பிக் கேட்டேன். வந்தது பி 0118. கூலன்ட் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். அந்த சென்சாரில் குளிர் கூடக் கூட ரெசிஸ்டன்ஸ் கூடும். ஒயரே அறுந்துவிட்டால் இ.சி.யு-வுக்கு அது உச்சக்கட்டக் குளிராகத் தெரியும். அதனால் பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது. சென்சாரை நம்ப முடியாததால், இன்ஜின் சூடாகிவிடக் கூடாதே என்று ஃபேனையும் ஓட்டுகிறது. இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்லும் இ.சி.யு-வையா போய்விட்டது என்றார்கள்?

கோடு சொல்வது எதை?

இங்கேதான் நானும் தவறு செய்யப் பார்த்தேன். புது சென்சாருக்கு ஆன்லைனில் ஆர்டர் போடப் போனேன். பெரியப்பாவுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் தடுத்தார். “கோடு சர்க்யூட்டைத்தானே சொல்லுது? முதல்ல ஒயரைப் பார்ப்போம்” என்று மல்டிமீட்டரை எடுத்தார். பத்தே நிமிடம். இன்ஜினுக்குப் பின்பக்கம், எலி கடித்த ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மறுபடி ஸ்டார்ட் செய்தோம். எண் மெதுவாக ஏறி ‘41 05 82’-ல் நின்றது. 82 என்பது கம்ப்யூட்டர் கணக்கில் 130. நாற்பதைக் கழித்தால் 90 டிகிரி. அளவான சூடு!

நீங்களும் செய்து பார்ப்பதென்றால் சில எச்சரிக்கைகள். கார் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு நிற்க வேண்டும். ஓட்டும்போது லேப்டாப் வேண்டாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். ‘04’ என்று அனுப்பினால் கோடு அழிந்துவிடும். பழுதைச் சரிசெய்யாமல் அதைச் செய்தால் தடயத்தை நாமே அழித்த மாதிரி. ஏர்பேக், பிரேக் பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

ஸ்கேனர் செய்ய நேரமில்லையா? பரவாயில்லை. மஞ்சள் விளக்கு எரிந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், “என்ன கோடு வந்தது?” என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்த செக்கப்புக்குப் பெரியம்மா காரிலேயே போய்வந்தார். பெரியப்பா இப்போது வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து எலியைத் தேடுகிறார்.