சிங்கப்பூர் சுற்றுவழி அல்ல

2025 மார்ச்சில் ஏர் இந்தியாவும் ஏர் நியூசிலாந்தும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டபோது, 2028 முடிவதற்குள் இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானம் விடுவது பற்றி ஆராய்வோம் என்றன. எந்த ஊருக்கு என்பது வேறு விஷயம். பெரும்பாலும் டெல்லி அல்லது மும்பையாகத்தான் இருக்கும். ஆக்லாந்துத் தமிழர்கள் இதைக் கொண்டாடுவதற்கு முன் உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பார்ப்பது நல்லது. ஆக்லாந்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 11,280 கிலோமீட்டர். சிங்கப்பூரில் இறங்கி ஏறினால் 8,400-உம் 2,900-உம் சேர்ந்து ஏறக்குறைய 11,300. அதாவது நூல் கிட்டத்தட்ட சிங்கப்பூரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. டெல்லி வழியாகப் போனாலோ 12,500 கிலோமீட்டர் பறந்துவிட்டு, மறுபடி தெற்கே 1,760 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். 'நேரடி' என்று பெயர் வாங்கப்போகும் விமானம் நமக்குத்தான் சுற்றுவழி.

பின் ஏன் பயணம் இவ்வளவு இழுக்கிறது? பறக்கும் நேரம் சிங்கப்பூர் வரை பத்தரை மணிக்கு மேல், அங்கிருந்து சென்னைக்கு நாலு மணி, கூட்டினால் பதினைந்து. மிச்சமெல்லாம் சாங்கி விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். இணைப்பு விமானம் இரண்டு மணி நேரத்தில் கிடைக்கிறதா, ஒன்பது மணி நேரத்திலா என்பதில்தான் பயணமே இருக்கிறது. டிக்கெட்டில் அச்சாகும் புறப்பாடு, வருகை நேரங்களைக் கழித்துப் பார்த்தால் இது தெரியாது. நியூசிலாந்துக் கோடையில் ஏழரை, அங்கே குளிர்காலத்தில் ஆறரை மணி நேரம் ஆக்லாந்து இந்தியாவுக்கு முந்தி ஓடுவதால், போகும்போது பயணம் குறுகியதாகவும் வரும்போது ஒரு நாளையே விழுங்கியதாகவும் தோன்றும். உண்மையில் மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று தள்ளிவிடுவதால் திரும்பி வரும் பறப்புதான் சற்றுக் குறைவு.

வயதான அம்மா அப்பா நடுவழியில் விமானம் மாறத் திண்டாடுவார்களே என்பது நியாயமான கேள்வி. ஆனால் டெல்லியில் மாறுவது இன்னும் கடினம். குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளைப் பெல்ட்டிலிருந்து தூக்கி, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பெட்டி போட வேண்டும். சிங்கப்பூரிலோ ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி தானாகவே சென்னை போய்ச் சேரும். சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவைத்தால் ஆள் வந்து அழைத்துப் போவார். திருச்சி, கோவைக்காரர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்தே சொந்த ஊருக்கு விமானம் இருக்கிறது, டெல்லியை மிதிக்கவே தேவையில்லை. போட்டி வந்தால் கட்டணம் இறங்கும் என்பதை மறுக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே புதிய சேவை வரட்டும்.

சென்னைக்கே நேராக விடலாமே என்றால், முடியாத காரியமில்லை. ஆக்லாந்திலிருந்து தோகாவுக்கு 14,500 கிலோமீட்டரும் நியூயார்க்குக்கு 14,200 கிலோமீட்டரும் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. தடை தூரமல்ல, ஆள். டிசம்பர், ஜனவரிப் பள்ளி விடுமுறையில் நிரம்பும் இருக்கைகள் ஜூனிலும் நிரம்ப வேண்டும். அந்த எண்ணிக்கை சேரும்வரை, கோரிக்கை மனு எழுதுகிறவர்கள் புது விமானத்தைக் கேட்பதைவிட, ஆக்லாந்து விமானம் சாங்கியில் இறங்கிய மூன்று மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இணைப்பு கேட்பதே மேல்.