நாயும் தலையும் ஒரு பெண்ணும்

ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தால் எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டை. தம்பி கூட்டாளியிடம் இரவல் வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருந்தது உம்மாவின் கையில் அகப்பட்டுவிட்டது. இரண்டு பக்கம் புரட்டியவர், "ராத்தா எண்டு நீ ஒருத்தி இருந்தும் என்ன? இவன் என்னத்தப் படிக்கிறான் எண்டு பார்க்கக் கூடாதா?" என்று என்மீது பாய்ந்தார். பார்க்கத்தானே சொன்னார், நான் முழுவதையும் படித்து முடித்தேன்.

புத்தகத்தின் பெயர் 'டெட்பூல் கில்ஸ் டெட்பூல்'. டெட்பூலை டெட்பூலே கொல்லும் கதை. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2013இல் நான்கு இதழ்களாக வெளியிட்டது. எழுதியவர் கல்லன் பன், வரைந்தவர் சால்வா எஸ்பின்.

டெட்பூல் என்ற வேட் வில்சன் 1991இல் பிறந்த பாத்திரம். கூலிக்குக் கொலை செய்பவன், வாய் ஓயாதவன். புற்றுநோய்க்கு மருந்தென்று செய்த பரிசோதனையில், எந்தக் காயமும் ஆறிவிடும் உடலும் தழும்பேறிய முகமும் அவனுக்குக் கிடைத்தன. தான் ஒரு கதைப் பாத்திரம் என்பதும் அவனுக்குத் தெரியும். நடுக்கதையில் திரும்பி நம்மோடு பேசுவான். இந்தப் பகிடிதான் தம்பியின் வயதுப் பையன்களை இழுக்கிறது.

ஆனால் அதே அறிவு இன்னோர் உலகத்து டெட்பூலுக்கு நஞ்சாகிவிடுகிறது. நம்முடைய வேதனையெல்லாம் யாரோ ஒருவரின் பொழுதுபோக்குக்காக எழுதப்படுகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் முடித்துவைப்பதே கருணை என்று அவன் நினைக்கிறான். 2012இல் வந்த முதற்பாகத்தில் மார்வெல் வீரர்களை எல்லாம் கொல்கிறான். இரண்டாம் பாகத்தில் ஷெர்லொக் ஹோம்ஸ், டொன் குவிக்சோட் போன்ற பழைய இலக்கியப் பாத்திரங்களைத் தேடிப் போகிறான். வேரை வெட்டினால் கிளை பட்டுவிடும் என்பது அவன் கணக்கு. மூன்றாம் பாகமான இந்தப் புத்தகத்தில், எல்லா உலகங்களிலும் வாழும் டெட்பூல்களைக் கொல்ல அவர்களிலேயே சிலரைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறான்.

எதிர்த்து நிற்பவனும் டெட்பூல்தான், அவனும் நல்லவன் அல்லன். அதே நோய், அதே தழும்பு, தான் எழுதப்பட்டவன் என்ற அதே அறிவு. ஆனால் ஒருவன் அதை அறிந்து உலகத்தையே வெறுக்கிறான். மற்றவன் அறிந்தும் பகிடி விட்டுக்கொண்டு வாழ்கிறான். ஒரே துன்பம் இரண்டு பேரை இரண்டு விதமாக ஆக்குவது ஏன் என்ற கேள்வி நல்ல நாவல் ஒன்றுக்கே போதுமானது. இந்தப் புத்தகம் அதைத் தொட்டுவிட்டு, உடனே வாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. பண்டா கரடி வடிவில்கூட ஒரு டெட்பூல் வருகிறான். ஒருவன் செத்தால் அடுத்த பக்கத்தில் இன்னொருவன். அதனால் எந்தச் சாவும் மனதில் தங்குவதில்லை. இரத்தத்தைக் கண்டு உம்மா பயந்தார். எனக்குப் பயமாக இருந்தது, இத்தனை இரத்தத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். நல்ல டெட்பூலுக்கு ஓர் அணி உண்டு. 2010இலேயே உருவாக்கப்பட்ட அணி அது. அதில் ஒரு சிறுவன், ஒரு நாய், உடல் இல்லாத ஒரு தலை, ஒரு பெண். பெண்ணின் பெயர் வாண்டா வில்சன். வேட் என்பதை வாண்டா ஆக்கி, அதே சிவப்பு உடையைப் போட்டு, நீண்ட கூந்தலை வைத்துவிட்டால் பெண் வந்துவிடுகிறாள்! அசல் என்றால் ஆண். பெண் என்பவள் நாயையும் தலையையும் போல இன்னொரு வேடிக்கை வடிவம். அவளுடைய உலகத்தில் அவள்தானே அசல்? அங்கே அவளுக்கு யார் துரோகம் செய்தார்கள், எதற்காகச் சண்டைக்கு வந்தாள், எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று இந்தக் கதை கேட்கவே இல்லை.

"இது பகிடிக் கதை ராத்தா, நீங்க இலக்கியப் பாடம் மாதிரிப் பார்க்கிறீங்க" என்றான் தம்பி. இருக்கலாம். ஆனால் அணி வகுப்பில் யாருக்கு எந்த இடம் என்பதைப் பகிடியும் சொல்லித்தான் தருகிறது. அவனுக்கு அது தென்படவே இல்லை. எனக்கு முதற்பார்வையிலேயே தென்பட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது சிறுவர்களுக்கான புத்தகம் அல்ல. பன்னிரண்டு வயதுத் தம்பியிடம் இருந்ததை நானும் விரும்பவில்லை. படம் போட்டிருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணத்தை நாம் விட்டாக வேண்டும். ஆனால் பறித்து அலுமாரியில் பூட்டினால் அடுத்தது தலையணையைவிட ஆழமான இடத்துக்குப் போய்விடும். என்ன புத்தகம், யாருக்காக எழுதியது என்று கேட்டு, ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

நேற்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பையில் வைத்தபோது, அடுப்படியிலிருந்து உம்மா கேட்டார்: "அந்தப் பொம்புளப் புள்ளக்கிக் கடைசில என்ன நடந்த?"

முடிவைச் சொல்ல வேண்டாமென்று தம்பி கண்ணைக் காட்டினான்.