நேர்காணலில் கேட்கத் தகாத கேள்விகள்



வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் சில கேள்விகளைப் பற்றி நாம் வருந்திப் பேசுகிறோம். "தலைமுக்காட்டை எடுத்துவிட்டு வேலை பார்ப்பீர்களா?", "உங்கள் பகுதி எது?" என்பன போன்ற கேள்விகள் அவர்களின் தகுதியை அறியக் கேட்கப்படுபவை அல்ல. அந்த வருத்தம் நியாயமானதே. ஆயினும், கேள்வி கேட்கும் இடத்தில் அமர்ந்திருப்போரும் நம்மில் பலர் உண்டு. ஜவுளிக்கடை, தோல் தொழிற்சாலை, பள்ளிக்கூடம், மருந்துக்கடை, டிராவல்ஸ் என நாம் நடத்தும் நிறுவனங்களுக்கும் வேலை கேட்டு மக்கள் வருகின்றனர். அவர்களிடம் நாம் கேட்பவை எத்தகைய கேள்விகள்?

"இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை?", "குழந்தை எப்போது?", "நீங்க என்ன ஆளுங்க?", "கணவர் ஏன் கூட இல்லை?" இவற்றை நாம் குசலம் விசாரிப்பதாகவே எண்ணுகிறோம். திருமண வீட்டில் கேட்டால் அது குசலமாக இருக்கலாம். வேலை கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றவர் கேட்கும்போது அதன் பொருளே வேறு. வேலை வேண்டி நிற்பவர், "அது உங்களுக்கு எதற்கு?" என்று திருப்பிக் கேட்க முடியாது. உண்மையைச் சொன்னால் வேலை கைநழுவும், மறைத்தால் பொய்யாகும். ஒரு மனிதரைப் பொய்யின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும் கேள்வியைக் கேட்பவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பதே என் கருத்து.

பணிக்கு ஆள் அமர்த்துவதற்கான அளவுகோலைத் திருக்குர்ஆன் அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். மத்யன் நகருக்கு வந்த மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண், இரண்டு பண்புகளையே எடுத்துரைத்தார். ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகத்தன்மை. பணியைச் செய்யும் ஆற்றல் உண்டா, ஒப்படைத்த அமானிதத்தைக் காப்பாரா என்பவையே அவ்விரண்டும்.

ஹிஜ்ரத் பயணத்திலும் இதே அளவுகோலைக் காணலாம். மக்காவிலிருந்து மதீனா செல்ல அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலி பேசி அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். குறைஷியரின் மதத்திலேயே இருந்தார். ஆனால் பாலைவன வழிகளை நன்கறிந்தவர், நம்பத்தக்கவர். தம் இரு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு வருமாறு கூறினர். உயிருக்கே ஆபத்தான வேளையிலும் மார்க்கம் பார்த்து அவரை ஒதுக்கவில்லை. கடைக்குக் கணக்கர் தேடும் நாம் அதைவிடக் கடுமையான நிபந்தனை விதிப்பது எவ்வகையில் முறையாகும்?

நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே செல்கிறது. மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் போன்றவற்றைக் காரணம் காட்டி அரசுப் பணியில் பாகுபாடு செய்வதை அரசமைப்பின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. ஆள் சேர்ப்பதில் பெண்களுக்கு எதிராக வேறுபாடு காட்டலாகாது என்பதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தனியாருக்கும் பொருந்துமாறு விதித்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு காலத்தில் பெண் விண்ணப்பதாரர்களிடம் மாதவிடாய், கருவுற்ற விவரங்களைக்கூடப் படிவத்தில் எழுதி வாங்கியது. அவற்றைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று ஒரு பெண்ணைப் பணிநீக்கமும் செய்தது. 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்து, அக்கேள்விகளையும் படிவத்திலிருந்து அகற்றச் சொன்னது. ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே கைபேசித் தொழிற்சாலை ஒன்றில் மணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படுவதில்லை என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டதும், மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டதும் நாமறிந்ததே.

"பயிற்சி கொடுத்து முடித்ததும் கல்யாணம் என்று நின்றுவிட்டால் நஷ்டம் யாருக்கு?" என்று சிறு வணிகர் கேட்பார். நஷ்டம் உண்மைதான். ஆனால் வளைகுடா விசா வந்த மறுவாரமே விலகிச் செல்லும் இளைஞரால் ஏற்படும் நஷ்டமும் அதே அளவுதானே? அவரிடம் மட்டும் ஏன் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை? "குறைந்தது இரண்டு ஆண்டுகள் இங்கே பணிபுரிய எண்ணமா?" என்று ஆண், பெண் இருவரிடமும் ஒரே விதமாகக் கேட்டால் நம் கவலையும் தீரும், எவர் மனமும் புண்படாது.

மற்றவற்றையும் இவ்வாறே மாற்றிக் கேட்கலாம். "குழந்தையை யார் பார்ப்பார்?" என்பதற்குப் பதிலாக, "காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பணி, இந்நேரம் ஒத்துவருமா?" எனலாம். உடற்குறையைப் பற்றித் துருவுவதற்குப் பதிலாக, "இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" எனலாம். கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முஅத்தினாக ஏற்றிருந்த நபிவழி நம்முடையது. சாதி, தெரு, வகையறா பற்றிய கேள்விகளுக்கோ மாற்றே தேவையில்லை. அவற்றை விட்டுவிடுவதே போதும்.

இமாம் பணிக்கு வருபவரிடம் மார்க்க அறிவையும் மத்ஹபையும் கேட்பது பாகுபாடு ஆகாது. அந்தப் பணியே அதைக் கோருகிறது. பள்ளிவாசலின் மின்பணியாளரிடம் அதே கேள்விக்கு இடமில்லை.

வேலைக்குச் செல்லும் நம் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இத்தகைய கேள்வி வந்தால் அஞ்சவும் வேண்டாம், பொய்யுரைக்கவும் வேண்டாம். "பணி நேரத்தில் என் பொறுப்பை முழுமையாக நிறைவேற்றுவேன்" என்று பேச்சைப் பணியின் பக்கம் திருப்புங்கள்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்முன், கேட்கவிருக்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆற்றலையும் அமானிதத்தையும் அறிய உதவாதவற்றை அடித்துவிடுங்கள். நம் மகளிடம் பிறர் கேட்டால் நாம் பொறுக்கமாட்டாத கேள்வியைப் பிறர் மகளிடம் நாமும் கேட்க வேண்டாம். நீதியுடன் நடக்கும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.