ஃபார்மட்டுக்குப் பின் வராத இணையம்

இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவிய கணினியில் இணையம் வராவிட்டால், பழுது பெரும்பாலும் இணைய லைனில் இருப்பதில்லை. நெட்வொர்க் கார்டின் டிரைவர் பழைய விண்டோஸோடு சேர்ந்து அழிந்திருக்கும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிய கதை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின், 11-க்கு மாற்றச் சொல்லி சர்வீஸுக்கு வரும் கணினிகளிலும் இதே முடிச்சுதான். விண்டோஸ் 11 ஹோம் பதிப்போ நிறுவும்போதே இணையம் கேட்டு நின்றுவிடுகிறது.

முதலில் லைன் உயிரோடு இருக்கிறதா என்பதை அதே வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்துப் பார்த்துவிட வேண்டும். சென்னையில் மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் மழைக்காலத்தில் இதைத் தவிர்த்துவிட்டு வேறெதையும் தொடுவது வீண். ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் கணினியில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

லைன் சரியென்றால் அடுத்தது டிவைஸ் மேனேஜர். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ அல்லது ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்பது டிரைவர் இல்லாத கார்டு. லேப்டாப் மாடலை வைத்து டிரைவர் தேடுவது பாதி நேரம் தவறாகவே முடியும். ஒரே மாடலில் இரண்டு மூன்று கம்பெனிகளின் வைஃபை கார்டுகள் வருவதுண்டு. ஹார்ட்வேர் ஐடியில் உள்ள தயாரிப்பாளர் எண் பொய் சொல்லாது: 10ஈசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல். (1978-இல் வந்த தன் பிராசசரின் பெயரையே இன்டெல் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது.) டிரைவரை இறக்க ரிச்சி தெருவுக்கு ஓடி டாங்கிள் வாங்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கை இயக்கினால், விண்டோஸ் 10-உம் 11-உம் பெரும்பாலும் தாமாகவே அதை நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 7-இல் இன்னொரு வம்பு: யூஎஸ்பி 3.0-க்கான டிரைவரே அதில் கிடையாது. டிரைவர் உள்ள பென் டிரைவை நீல போர்ட்டில் செருகினால் பல கணினிகளில் அது தெரியவே தெரியாது.

கடையில் ஓடிய கணினி வாடிக்கையாளர் வீட்டில் ஓடவில்லை என்ற புகார்தான் உண்மையில் ஆளைச் சோதிப்பது. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க எதிர்முனையில் யாருமில்லாமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கார்டு கெட்டுவிட்டதாக இங்கே முடிவுகட்டி மறுபடி ஃபார்மட் போடுவது மோசமான வழக்கம். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி வெறும் பாலமாக மட்டும் இயங்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையத்தை அழைத்தது பழைய விண்டோஸில் இருந்த டயலர். அது ஃபார்மட்டில் போய்விட்டது. வாடிக்கையாளருக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது. ஐகானைத் தட்டினால் நெட் வரும் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். பிபிபிஓஇ எனப்படும் அந்த டயலர் இணைப்பைப் புதிதாக உருவாக்க, பாஸ்வேர்டை இணைப்பு கொடுத்தவரிடமே கேட்டுவாங்க வேண்டும். சில கேபிள்காரர்கள் கார்டின் மேக் முகவரியையும் பதிந்து பூட்டியிருப்பார்கள். ஃபார்மட் போட்டால் அந்த முகவரி மாறாது. கார்டை மாற்றினாலோ டாங்கிள் போட்டாலோ மாறும்.

முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்காவிட்டால் 8.8.8.8-க்கு பிங் அனுப்பிப் பார்க்கலாம். பதில் வந்தால் குறை டிஎன்எஸ்ஸில். பழைய விண்டோஸில் யாரோ கைப்பட எழுதிவைத்த டிஎன்எஸ் எண் அழிந்திருக்கலாம். அதுவும் சரியென்றால் தேதியைப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், பிரவுசர் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது.

லினக்ஸிலும் இதே கதை உண்டு. சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸுக்கு அடித்தளமான டெபியன், கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில்தான் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்த்தது. அதற்கு முந்தையவற்றில் பல வைஃபை கார்டுகளுக்கு ஃபர்ம்வேரைத் தனியே ஏற்ற வேண்டும்.

இத்தனை அலைச்சலையும் தவிர்க்கும் வேலை ஃபார்மட்டுக்கு முன்பே முடிந்துவிடக்கூடியது. விண்டோஸிலேயே உள்ள ‘டிஸ்ம்’ கட்டளையால் தனியே நிறுவப்பட்ட டிரைவர்களை ஒரு ஃபோல்டரில் எடுத்துவைக்கலாம். நிறுவியபின் ‘பிஎன்பி யூடில்’ கட்டளை அவற்றைத் திரும்ப ஏற்றிவிடும். விண்டோஸ் பதிப்பு மாறினால் ஓரிரண்டு ஒத்துப்போகாது. மற்றவை பெரும்பாலும் ஓடும். டயலர் இருந்தால் யூசர்நேமையும், கைப்பட எழுதிய ஐபி, டிஎன்எஸ் எண்களையும் ஜாப் கார்டில் குறித்துக்கொள்ளலாம். ஃபோல்டரை டி டிரைவில் வைப்பவர்கள், எல்லாப் பார்ட்டிஷனையும் அழிக்கும்போது அதையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். அதற்குத் தனி பென் டிரைவ் வேண்டும்.