விண்கல்லும் வித்தைக்காரரும்

தோழரே! பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலே மாலை மங்கும் நேரத்தில் நடந்து பார்த்ததுண்டா? வலை பழுதுபார்க்கும் கைகள் ஓய்ந்ததும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி பேசத் தொடங்கிவிடும். 2018-இல் திரையரங்குக்கு வந்து, பின்பு வீட்டுப் பெட்டிக்குள்ளும் குடிபுகுந்த படம் ‘டிக் டிக் டிக்’. அதன் தொடக்கத்திலே சிறு விண்கல் ஒன்று எண்ணூரில் விழுகிறது. எண்ணூர் எது? பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கடற்கரை! கற்பனைக் கல்லுக்கும் மீனவன் தலைதான் அகப்பட்டது போலும்.

அடுத்து வருகிறது பெருங்கல். ஒரே வாரம் தவணை! சிறையிலிருந்து ஒரு செப்படி வித்தைக்காரரை அழைத்து வருகிறார்கள்; அயல்நாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து அணு ஏவுகணையைக் களவாடுகிறார்கள்; கல் பிளக்கிறது, கைதட்டல் எழுகிறது. பொழுதுபோக்குத்தானே, விட்டுவிடலாமே என்பார் சிலர். திரை சொன்னதை நெஞ்சில் ஏந்திப் பழகிய தமிழகத்திலே இப்படிச் சொல்ல அவர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

பொய் எங்கே இருக்கிறது? வெடியிலே அல்ல, அந்த ஒரு வாரத்திலே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பூமியின் ஆரம் ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர். நடுமார்பை நோக்கி வரும் கல் நம்மைத் தவறவிட வேண்டுமானால் அவ்வளவு தூரமாவது விலகியாக வேண்டும். ஏழு நாளில் விலக்க, நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும். பத்தாண்டுக்கு முன்பே தள்ளினாலோ, நொடிக்கு 2 சென்டிமீட்டர் போதும். எறும்பு ஊரும் வேகம்! மனிதன் இதுவரை தள்ளிக் காட்டியது எவ்வளவு? 2022 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் டார்ட் விண்கலம், அரை டன்னுக்கு மேற்பட்ட எடையோடு, நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் மீது மோதியது. கல்லின் வேகம் மாறியது நொடிக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதையே உலகம் மாபெரும் வெற்றி என்று கொண்டாடியது, கொண்டாடத் தக்கதுதான்.

இதைப் பழவேற்காட்டுப் படகோட்டிக்கு விளக்கவும் வேண்டுமா? கரை திரும்புகிறவன், முகத்துவாரம் கண்ணில் படுமுன்பே சுக்கானை விரலளவு திருப்பி வைக்கிறான். மணல்திட்டு முன்னே வந்தபின் முழு பலத்தோடு இழுத்தாலும் படகு தட்டித்தான் நிற்கும்.

அணுவெடியை அறிவியல் அறவே ஒதுக்கவில்லை. கல்லுக்குச் சற்றே விலகி வெடித்து, மேற்பரப்பை ஆவியாக்கி, அந்த உதைப்பிலே தள்ளலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்கும் காலம் வேண்டும். கடைசி வாரத்தில் ஒரு மலையைப் பிளந்தால் இரண்டு மலை வந்து விழும்!

ஒரு வாரக் கதைமீது ஏன் இத்தனை சினம் என்கிறீர்களா? கடைசி நொடியில் ஒருவன் வருவான், காப்பான் என்று அது மக்களுக்குக் கற்பிக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம், தோழரே! ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. விண்ணிலே கலம் செலுத்தும் தளம். ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகாதே என்று குப்பங்களுக்குச் சொல்லத் தெரிந்த அரசுக்கு, அலை வருகிறது என்று சொல்ல அன்று நாவில்லை. எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் எழுந்தது 2007-இல்! அன்று எந்த வித்தைக்காரர் வந்தார்?

விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதையும் கண்டோம். 2024 டிசம்பரில் சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று 2024 ஒய்.ஆர்.4 என்னும் கல்லைக் கண்டது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3 விழுக்காட்டைத் தொட்டது. விழக்கூடிய இடமென வரைந்த நெடும்பட்டையிலே தென்னாசியாவும் இருந்தது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் இரவிரவாக அளந்தன, அளந்ததை ஊரறியச் சொல்லின. அந்த மாதம் முடியுமுன்பே பூமிக்கு ஆபத்தில்லை என்று தெளிந்தது.

அடுத்து அபோஃபிஸ் வருகிறது. நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14, அதிகாலை மூன்றேகால் மணியளவில் பூமிக்கு மிக அருகே கடக்கும். சித்திரைப் பிறப்பு நாள்! பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பரிகாரம் விற்போர் சும்மா இருப்பார்களா? அவர்கள் கடைவிரிக்குமுன்பே குப்பத்துப் படிப்பகத்தின் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும், மோதாது, இன்னும் நூறாண்டுக்கு அதனால் ஆபத்தில்லை என்று 2021-இலேயே அளந்தாயிற்று.