குளிகையும் கரையும்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலே உளது. முத்தும் சங்கும் கொழித்த மன்னார்க் கடற்பரப்பில் இந்நாளில் அகப்படுவன பிரிகபலின் குளிகைகள். அவற்றைக் கடற்படையினர் கைப்பற்றும் செய்தி நமக்குப் பழகிவிட்டது. நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும், ஐரோப்பாவில் மனப்பதற்றத்துக்கும், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்து அது. அளவும் கண்காணிப்பும் நீங்கியவிடத்து அதுவே அடிமைப்படுத்தும். பிரித்தானியா 2019 ஏப்ரலில் அதனைச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது.

படகைப் பிடித்தல் வேண்டுவதே. ஆயின், படகு பிடிபட்ட மறுநாள், கரையில் அதற்குப் பழகிய இளைஞன் நிலை யாது? பிடித்த குளிகைகளை எண்ணிப் படத்துடன் வெளியிடுகின்றோம். விழுங்கியோரை எண்ணுவார் யாவர்? இம்மருந்தையோ, 1963இல் விற்பனைக்கு வந்த டயசிப்பாம் போன்ற உறக்க மருந்துகளையோ நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தின், நடுக்கமும் உறக்கமின்மையும், சிலருக்கு வலிப்பும் உண்டாகும். வைத்தியர் துண்டுடன் தொடங்கிய முதியவரும் இதற்கு விலக்கல்லர். வைத்தியர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்தலே முறை. மறியற்சாலை அதற்கேற்ற இடமன்று.

பொலிசுக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சும் தாய், மகனுடைய குளிகைகளை இரவோடிரவாகக் கிணற்றில் எறிவாளாயின், அவள் அறியாமலே அத்திடீர் நிறுத்தத்தைத் தன் வீட்டிற் செய்துவிடுகின்றாள்.