இரவல் பெறக்கூடியதும் கூடாததும்

வல்வாவில் தோன்றும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு செதிள் செல் புற்றுகள். பி16, பி53 ஆகிய இம்யூனோ சாயங்களைக் கொண்டு அவற்றை எச்பிவி சார்ந்தவை, சாராதவை என்று பிரிப்பதும், சாராதவற்றைப் பி53 நிலையால் மேலும் பிரிப்பதும் நம் அறிக்கைகளில் வழக்கமாகி வருகின்றன. அந்தப் பிரிவுகளுக்குள் அடங்காத ஓர் அரிய புற்று உண்டு. நுண்ணோக்கியில் அது மார்பகக் குழாய்ப் புற்றை அப்படியே ஒத்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு அதை ‘மார்பகச் சுரப்பி வகை அடினோகார்சினோமா’ என்று தனியே வைக்கிறது. இதைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் தனிநோயாளிக் குறிப்புகளிலிருந்தும் சிறு தொகுப்புகளிலிருந்தும் வந்தவையே.

கருவின் பால்கோட்டில் எஞ்சிய மார்பகத் திசுவிலிருந்தே இக்கட்டி எழுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் பெரிய இதழுக்கும் சிறிய இதழுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் மார்பகச் சுரப்பியை ஒத்த சுரப்பிகள் இயல்பாகவே இருப்பதை 1990-களில் ஆய்வாளர் வான் டெர் புட்டே விளக்கிக் காட்டினார். அவை இடம் மாறி வந்தவை அல்ல, அங்கேயே உரியவை. அதே சுரப்பிகளில் எழும் தீங்கற்ற பாப்பில்லரி ஹைட்ரடினோமாவில் பிஐகே3சிஏ, ஏகேடி1 மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மார்பகத்தின் பாப்பிலோமாக்களிலும் இதே மாற்றங்கள் உண்டு. ஆகவே இந்த ஒற்றுமை தோற்றத்தோடு நின்றுவிடவில்லை, செல்லுக்குள்ளும் தொடர்கிறது.

இதனால்தான் மார்பகப் புற்றின் லுமினல் ஏ, லுமினல் பி, ஹெர்2, மும்மை எதிர்மறை என்ற பகுப்பை இங்கும் பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. மருந்தைத் தேர்வதற்கு அது நியாயமானது. பதிவானவற்றுள் பல ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்டவை. அவற்றுக்குத் தமாக்சிஃபென் அல்லது அரோமடேஸ் தடுப்பான் தரப்பட்டுள்ளது. ஹெர்2 மிகுந்தவையும் உண்டு. முந்தைய சிகிச்சை பெற்ற, வேறு நல்ல வழியில்லாத, ஹெர்2 சாயம் 3+ ஆன பரவிய திண்கட்டிகளுக்கு, உறுப்பு எதுவாயினும், டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டீகனை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 ஏப்ரலில் விரைவு முறையில் அனுமதித்தது. ஆகவே இவ்வளவு அரிய கட்டியிலும் ஹெர்2 சோதனையைத் தவிர்க்க இனிக் காரணம் இல்லை.

முன்கணிப்பை மட்டும் அப்படி எடுத்துவர முடியாது. லுமினல் ஏ நோயாளியின் நல்ல எதிர்காலமும், 21 மரபணு மறுநோய் மதிப்பெண்ணும் ஆயிரக்கணக்கான மார்பகப் புற்று நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்துப் பெறப்பட்டவை. ஆனால் வல்வாவின் நிணநீர் தொடையிடுக்குக் கணுக்களுக்குச் செல்கிறது. சிறுநீர்த்துளையும் மலவாயும் அருகிலிருப்பதால் வெட்டு விளிம்புக்குக் கிடைக்கும் இடமும் குறைவு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட கட்டிகளிலேயே கணுப்பரவல் பதிவாகியிருக்கிறது. ‘லுமினல் ஏ’ என்ற சொல்லை நம்பிக் கணு மதிப்பீட்டையோ கீமோதெரபியையோ கைவிடுவது ஆதாரமற்ற முடிவு.

வகைப்பாட்டுக்கு முன் பிறப்பிடம் உறுதியாக வேண்டும். கேட்டா3, டிஆர்பிஎஸ்1 ஆகிய சாயங்கள் மார்பகத்திலிருந்து பரவிய புற்றிலும், மார்பகம் சாரா பேஜட் நோயிலும் நேர்மறையாகலாம். தனியே அவை எதையும் தீர்ப்பதில்லை. கட்டியை ஒட்டி இயல்பான மார்பகம் ஒத்த சுரப்பியோ, ஊடுருவாப் புற்றோ இருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்கு இன்னும் சில துண்டுகள் எடுக்க நேர்ந்தால் தயங்க வேண்டாம். மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும் கட்டாயம். முன்பு மார்பகப் புற்று இருந்திருந்தால், இரு கட்டிகளின் மரபணு மாற்றங்களையும் ஒப்பிடுவதே தெளிவான வழி.

இத்தகைய கட்டிக்கான அறிக்கையில் குறைந்தபட்சம் நான்கு விவரங்கள் வேண்டும்: பிறப்பிடச் சான்று, ஏற்பிகளின் நிலை சதவீதத்தோடு, ஹெர்2 முடிவு, விளிம்பும் கணுக்களும். நோயாளியின் ஒப்புதலோடு பாராஃபின் கட்டை பாதுகாக்கப்பட வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அவர் எப்படியிருக்கிறார் என்பதும் பதிவாக வேண்டும். எந்த ஒரு மருத்துவமனைக்கும் போதுமான எண்ணிக்கை ஒருபோதும் கிடைக்காது. மையங்கள் திசுவையும் தொடர்தகவலையும் ஒன்றுசேர்த்தால்தான் இந்தப் புற்றுக்கென்று சொந்தமான முன்கணிப்பு உருவாகும். அதுவரை, இத்தகைய நோயாளியிடம் மார்பகப் புற்றின் உயிர்வாழ்வு சதவீதங்களைச் சொல்லாமல், அவருடைய கட்டியில் நாம் உண்மையிலேயே கண்டதை மட்டும் சொல்வோம்.